காவலுக்குப் போன கைசர்
உலகக் கோப்பை வரலாற்றுத் தொடர் – 17

சென்ற அத்தியாயத்தில் மரியோ ஸகாலோவைப் பார்த்தோம். 1958-லும் 1962-லும் பிரேசிலுக்காக ஆடிக் கோப்பை வென்றவர். 1970-ல் போட்டிக்குச் சில மாதங்களே இருக்கும்போது சல்டான்யாவை நீக்கிவிட்டு இவரைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மறுபடியும் கோப்பை. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்ற முதல் மனிதர் அவர். இரண்டாவது ஆள் வருவதற்கு இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. மூன்றாவது ஆளான பிரான்சின் திதியே தெஷாம்ப் 2018-ல்தான் வந்தார். நடுவில் நிற்பவர் மேற்கு ஜெர்மனியின் பிரான்ஸ் பெக்கன்பவர். ஸகாலோ 2024 ஜனவரி 5-ஆம் தேதி இறந்தார். இரண்டே நாளில், 7-ஆம் தேதி, பெக்கன்பவரும் போய்ச் சேர்ந்தார்.

பெக்கன்பவரைப் பற்றி எழுத உட்கார்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நடையழகிலேயே சொக்கி நின்றுவிடுவார்கள். நிமிர்ந்த தலை, காலடியில் இருக்கும் பந்தைக் குனிந்து பார்க்காமலே ஓடும் ஓட்டம், வலது காலின் வெளிப்புறத்தால் தட்டிவிடும் பாஸ். 'கைசர்' என்று பேரரசர் பட்டம் கொடுத்ததெல்லாம் அதற்காகத்தான். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொடரில் நான் பின்தொடர விரும்புவது வேறொன்றை. எதிரணியில் ஒரு மேதை ஆடுகிறான். அவனைக் கட்டுப்படுத்த நம்மிடம் இருப்பதிலேயே சிறந்தவனை அனுப்புவதா, வேண்டாமா? இந்தக் கேள்வி பெக்கன்பவரின் வாழ்வில் நான்கு உலகக் கோப்பை இறுதியாட்டங்களில் வந்தது. முதல் தடவை காவலுக்குப் போனவரே அவர்தான். கடைசி இரண்டு தடவை, யார் போவது என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தார்.

கீசிங் பையன்

1945 செப்டம்பர் 11-ல் பிறந்தார். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து நான்கு மாதம். ஊர் மியூனிக், அதிலும் கீசிங் என்ற தொழிலாளர் பகுதி. அப்பா தபால் துறை ஊழியர். கால்பந்து சோறு போடாது என்று நினைத்தவர். கீசிங் பையன்களுக்கு அன்று ஒரே அணிதான்: 1860 மியூனிக். பெக்கன்பவரும் அங்கேதான் சேருவதாக இருந்தார். ஆனால் 1958-ல் சிறுவர் போட்டி ஒன்றில் 1860 அணிக்கு எதிராக ஆடும்போது அந்த அணிப் பையன் ஒருவன் கன்னத்தில் ஒரு அறை விட்டான். இந்த முரட்டுக் கூட்டத்தோடு நமக்கு ஒத்துவராது என்று பையன் பேயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டான்.

அன்றைய பேயர்ன் இன்றைய பேயர்ன் அல்ல. 1963-ல் பூந்தஸ்லீகா தொடங்கியபோது மியூனிக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது 1860 மட்டுமே. பேயர்ன் இரண்டாம் நிலையில் கிடந்து 1965-ல்தான் மேலே ஏறியது. அதற்குள் பெக்கன்பவர் அலியான்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்திருந்தார். 18 வயதில் ஒரு சிக்கலும் வந்தது. காதலி கருவுற்றிருந்தாள், அவளை மணக்க அவர் விரும்பவில்லை. ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனம் உடனே ஒழுக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இளைஞர் அணியிலிருந்து அவரைத் தள்ளிவைத்தது. இளைஞர் அணிப் பயிற்சியாளர் டெட்மர் கிராமர் பேசிப் பார்த்துத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார். இதே கிராமர்தான் பின்னாளில் பேயர்ன் பயிற்சியாளராகி 1975-லும் 1976-லும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்றார். இரண்டு முறையும் கேப்டன் பெக்கன்பவர். சிலருக்குப் போட்ட முதல் வட்டியோடு திரும்பி வருகிறது.

1965 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தில் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடினார். வென்றே தீர வேண்டிய ஆட்டம். 2-1 என்று வென்றார்கள். பத்து மாதத்தில் இங்கிலாந்தில் உலகக் கோப்பை.

வெம்ப்ளியில் இரண்டு காவலர்கள்

1966-ல் அவருக்கு வயது 20. நடுக்களத்தில் ஆடினார். முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல். அரையிறுதியில் சோவியத் அணிக்கு எதிராக ஒன்று. போட்டி முழுவதிலுமாக நான்கு. பின்னாலிருந்து பந்தோடு கிளம்பி எதிரணியின் நடுவே புகுந்துபோகும் இந்தப் பையனை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

இறுதியாட்டத்துக்கு முன்னால் மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோனுக்கு ஒரே கவலை: பாபி சார்ல்டன். அரையிறுதியில் போர்ச்சுகலை இங்கிலாந்து 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் சார்ல்டனுடையவை. ஷோன் யோசித்தார். சார்ல்டனோடு ஈடுகொடுத்து ஓடக்கூடியவன் நம்மிடம் ஒருவன்தான். பெக்கன்பவரைக் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு வேறு வேலை கிடையாது, சார்ல்டனை விடாதே என்று சொல்லிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், எதிர் முகாமில் ஆல்ஃப் ராம்சேயும் இதே கணக்கைப் போட்டிருந்தார். சார்ல்டனைக் கூப்பிட்டு, பெக்கன்பவரைப் பார்த்துக்கொள் என்றார். ஆக 1966 ஜூலை 30 அன்று இரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் 120 நிமிடம் ஒருவர் பின்னால் ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தை முடிவு செய்ததெல்லாம் மற்றவர்கள். ஹர்ஸ்ட் மூன்று கோல் போட்டார். குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்த அந்தப் பந்து கோட்டைத் தாண்டியதா என்று இன்றுவரை இரண்டு நாடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. 4-2 என்று இங்கிலாந்து வென்றது.

சார்ல்டன் அன்று கோல் போடவில்லை. அந்த அளவில் பெக்கன்பவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். பெக்கன்பவரும் கோல் போடவில்லை. அந்தக் கணக்கில் யாருக்கு லாபம் என்று பார்த்தால், மற்ற பத்துப் பேரில் யார் வலுவானவர்களோ அவர்களுக்கு. ஷோன் தன்னுடைய மிகக் கூர்மையான ஆயுதத்தைத் தானே உறையில் போட்டுக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவின் லியோன் நகரில் இதே இருவர் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். 1970 காலிறுதி. இங்கிலாந்து 2-0 என்று முன்னிலை. 68-ஆவது நிமிடத்தில் பெக்கன்பவர் அடித்த ஒரு பந்து கோல்கீப்பர் பொனெட்டியின் உடலுக்கு அடியில் நுழைந்தது. மூன்று நாளில் அரையிறுதி இருக்கிறதே என்று ராம்சே 32 வயது சார்ல்டனை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். காவல் போனது. ஜெர்மனி அலை அலையாக மேலே ஏறியது. சீலர் தலையின் பின்புறத்தால் தட்டி ஒன்று, கூடுதல் நேரத்தில் கெர்ட் முல்லர் ஒன்று. 3-2. சார்ல்டன் இங்கிலாந்துக்கு ஆடிய 106-ஆவது ஆட்டம் அது, அதோடு முடிந்தது. சார்ல்டன் வெளியேறும் முன்பே பெக்கன்பவர் கோல் போட்டுவிட்டார் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் கதை சொல்லும்போது வசதியாக மறந்துவிடுவதுண்டு.

அரையிறுதியில் இத்தாலியிடம் 3-4 என்று தோற்றார்கள். பெக்கன்பவரின் தோள்பட்டை விலகிப்போனது; மாற்று ஆட்டக்காரர்கள் இருவரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டதால் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடைசிவரை ஆடினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அதைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது என்பதால் நான் இதோடு விடுகிறேன்.

மாலென்டெ முகாம்

1970-க்குப் பிறகு அவருடைய இடம் மாறியது. பேயர்ன் அணியில் ஏற்கெனவே லிபெரோவாக ஆடிக்கொண்டிருந்தார். இப்போது தேசிய அணியிலும் அதே இடம். லிபெரோ என்றால் தற்காப்புக்கும் பின்னால் நிற்கும் கடைசி ஆள். யாரையும் மார்க் செய்யும் பொறுப்பு அவனுக்கு இல்லை. முன்னால் உள்ளவர்கள் தவறவிடுவதைப் பிடிப்பதுதான் வேலை. அதுவரை அது துப்புரவு வேலை. இன்டர் மிலன் அணியின் இடதுபுறத் தற்காப்பாளர் ஃபக்கெட்டி பின்னாலிருந்து கிளம்பி முன்னே போய்த் தாக்குவதைப் பார்த்த பெக்கன்பவர், பக்கவாட்டிலிருந்து ஒருவன் போகலாமென்றால் நட்ட நடுவிலிருந்து ஏன் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். யாரையும் காவல் காக்க வேண்டாதவனை யாரும் காவல் காப்பதும் இல்லை. 1966-ல் பட்ட பாட்டுக்கு அவர் தனக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட விடுதலை அது. 1972-ல் கேப்டனாக, நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்றார். அந்த ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

1974 உலகக் கோப்பை சொந்த நாட்டில். அணி வடக்கே மாலென்டெ என்ற இடத்தில் விளையாட்டுப் பள்ளி ஒன்றில் அடைபட்டுக் கிடந்தது. போட்டி தொடங்குவதற்கு முன்பே போனஸ் தகராறு. ஆட்டக்காரர்களுக்கும் சம்மேளனத்துக்கும் இடையே இரவெல்லாம் பேரம். ஷோன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும் நிலைக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் தரப்பில் பேசியவர் கேப்டன்.

பிறகு ஜூன் 22, ஹாம்பர்க். கிழக்கு ஜெர்மனியோடு ஆட்டம். இரண்டு ஜெர்மனிகளும் உலகக் கோப்பையில் மோதிய ஒரே ஆட்டம் அதுதான். 77-ஆவது நிமிடத்தில் ஸ்பார்வாசர் கோல் போட, மேற்கு தோற்றது. ஷோனுக்கு இது வெறும் தோல்வியல்ல. அவர் டிரெஸ்டனில் பிறந்து கிழக்கை விட்டு வந்தவர். மனிதர் உடைந்துபோனார். மறுநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் அருகில் உட்கார்ந்து பெரும்பாலும் பேசியது பெக்கன்பவர். அடுத்த ஆட்டத்துக்கான அணியில் மாற்றங்கள் வந்தன. போன்ஹோஃப் உள்ளே வந்தார்; ஹோனஸ் வெளியே உட்கார்ந்தார்.

அந்த இரவிலிருந்து அணியை நடத்தியதே பெக்கன்பவர்தான், ஷோன் வெறும் பெயருக்கு இருந்தார் என்று நெடுங்காலமாக ஒரு கதை ஓடுகிறது. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வென்ற பிறகு எழுதப்படும் கதைகளில் கேப்டன்களின் பங்கு எப்போதும் கொஞ்சம் வளர்ந்துவிடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். யாரை ஆட வைப்பது, யாரை உட்கார வைப்பது என்பதில் ஒரு பயிற்சியாளர் தன் கேப்டனிடம் இவ்வளவு தூரம் காது கொடுத்தது அந்நாளில் அரிது. பெக்கன்பவரின் பயிற்சியாளர் வாழ்க்கைக்கு ஒரு தொடக்க நாள் குறிக்க வேண்டுமென்றால் 1984-ஐ விட 1974 ஜூன்தான் பொருத்தம். தோற்றதில் ஒரு நன்மையும் இருந்தது: நெதர்லாந்து, பிரேசில், அர்ஜென்டினா இருந்த கடினமான பிரிவு கிழக்கின் தலையில் விழுந்தது; மேற்குக்கு யூகோஸ்லாவியா, ஸ்வீடன், போலந்து. மூவரையும் வென்றார்கள்.

ஜூலை 7, மியூனிக், இறுதியாட்டம். எதிரே யோஹன் கிரைஃப். அதே பழைய கேள்வி. இந்தத் தடவை காவலுக்குப் போனவர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ். குள்ளம், அயராத ஓட்டம், எதிராளியின் சட்டையைப் போல ஒட்டிக்கொள்பவர், அதற்கென்றே பிறந்தவர். முதல் நிமிடத்திலேயே கிரைஃப் அவரைத் தாண்டிப் போய் ஹோனஸால் வீழ்த்தப்பட்டார். ஜெர்மனி பந்தைத் தொடுவதற்கு முன்பே நெதர்லாந்துக்குப் பெனால்டி, கோல். நான்காவது நிமிடத்தில் ஃபோக்ட்ஸுக்கு மஞ்சள் அட்டை. இருந்தும் அவரைக் காவலிலிருந்து மாற்றவில்லை. மீதி நேரத்தில் ஃபோக்ட்ஸ் கிரைஃபை ஒரு வழியாக்கிவிட்டார். பின்னால் பெக்கன்பவர் சும்மா இருந்தார், அதாவது சுதந்திரமாக இருந்தார். பிரைட்னர் பெனால்டியில் சமன். இடைவேளைக்குச் சற்று முன் போன்ஹோஃப் வலப்பக்கமிருந்து அனுப்பிய பந்தைத் திரும்பி அடித்து முல்லர் இரண்டாவது. 2-1. புதிய ஃபிஃபா கோப்பையை முதன்முதலில் தூக்கிய கேப்டன் பெக்கன்பவர்.

அதற்கடுத்த பத்தாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1974 முதல் 1976 வரை பேயர்னோடு மூன்று ஐரோப்பிய கிளப் கோப்பைகள். 1976-ல் பெல்கிரேடில் தன் நூறாவது தேசிய ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் பெனால்டியில் தோல்வி. 103 ஆட்டங்களோடு 1977-ல் தேசிய அணியை விட்டார். வரித்துறை தொல்லை, பத்திரிகைத் தொல்லை எல்லாவற்றையும் உதறிவிட்டு நியூயார்க் காஸ்மாஸ் அணிக்குப் போய்ப் பெலேவோடு ஆடினார். திரும்பி வந்து ஹாம்பர்க் அணியோடு 1982-ல் இன்னொரு லீகா பட்டம். பிறகு ஓய்வு, கோல்ஃப், பத்திரிகைப் பத்தி.

உரிமம் இல்லாத பயிற்சியாளர்

1984 ஐரோப்பியக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது. பயிற்சியாளர் யூப் டெர்வால் பதவி விலகினார். பெக்கன்பவர் பத்தி எழுதிக்கொண்டிருந்த 'பில்ட்' நாளிதழில், அவர் பொறுப்பேற்கத் தயார் என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. சம்மேளனத் தலைவர் நாய்பெர்கருக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு தடை மட்டும்: பெக்கன்பவரிடம் பயிற்சியாளர் உரிமம் கிடையாது. எதற்கும் விதி வைத்திருக்கிற ஜெர்மானியர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். 'டீம்செஃப்' என்று புதிதாக ஒரு பதவிப் பெயரை உண்டாக்கி அவருக்குக் கொடுத்தார்கள். உரிமம் வைத்திருந்த ஹோர்ஸ்ட் கோப்பல் துணைக்கு வந்தார். அதுவரை ஒரு தெருக்குழு அணிக்குக்கூடப் பயிற்சி அளித்திராத 38 வயது மனிதர் தேசிய அணியின் தலைமேல் உட்கார்ந்தார்.

முதல் ஆட்டம் 1984 செப்டம்பரில் டுசல்டார்ஃபில். எதிரணி அர்ஜென்டினா, அதன் பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ. 1-3 தோல்வி. அடுத்த ஆண்டு போர்ச்சுகலிடம் ஸ்டுட்கார்ட்டில் 0-1 என்று தோற்றார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனி கண்ட முதல் தோல்வி அது. எப்படியோ மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்கள்.

1986 முகாம் ஒரு சண்டைக் கூடாரம். கொலோன் கோஷ்டி, ஹாம்பர்க் கோஷ்டி, பேயர்ன் கோஷ்டி. பெக்கன்பவருக்கும் பொறுமை கிடையாது. தன்னால் செய்ய முடிந்ததை மற்றவர்கள் ஏன் செய்வதில்லை என்பது அவருக்குப் புரியவே இல்லை. அணி மேல் பெரிய நம்பிக்கை இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. இரண்டாவது கோல்கீப்பர் உலி ஸ்டைன், பெக்கன்பவர் இளமையில் நடித்த சூப் விளம்பரத்தை நினைவூட்டும் ஒரு கேலிப் பெயரால் அவரைச் சொல்லிவைக்க, நடுப் போட்டியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆட்டமோ பார்க்கச் சகிக்காது. மொராக்கோவை 88-ஆவது நிமிட ஃப்ரீகிக்கில் வென்றார்கள், மெக்சிகோவைப் பெனால்டியில். அரையிறுதியில் மட்டும் பிரான்சை 2-0 என்று ஒழுங்காக வென்றார்கள்.

ஜூன் 29, அஸ்டெகா. மறுபடியும் அர்ஜென்டினா, மறுபடியும் பிலார்டோ. ஆனால் இந்தத் தடவை மரடோனா. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு. அவன் பின்னால் யார் போவது? பெக்கன்பவர் எடுத்த முடிவு: லோதர் மத்தாயஸ். அணியில் 25 வயது மத்தாயஸ் ஒருவனிடம்தான் அந்த ஓட்டமும் அந்த வலுவும் இருந்தது. மொராக்கோவை வென்ற ஃப்ரீகிக்கும் அவனுடையதுதான். இருபது ஆண்டுக்கு முன்னால் ஷோன் போட்ட அதே கணக்கை, அதற்குப் பலியான அதே ஆள், அச்சு மாறாமல் போட்டார்.

விளைவும் அச்சு மாறவில்லை. மரடோனா கோல் போடவில்லை. மத்தாயஸ் அவரை நெருக்கிப் பிடித்தான். மற்றவர்கள் போட்டார்கள். 23-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் ஷூமாக்கர் பந்தைத் தவறவிட, பிரவுன் தலையால் முட்டினார். இடைவேளைக்குப் பின் வல்டானோ. இரண்டு கோல் பின்தங்கிய பிறகுதான் பெக்கன்பவர் மத்தாயஸை அவிழ்த்துவிட்டு மரடோனாவை ஃபொர்ஸ்டரிடம் ஒப்படைத்தார். உடனே ஆட்டத்தின் நிறம் மாறியது. கார்னரிலிருந்து ரும்மனிகே ஒன்று, இன்னொரு கார்னரிலிருந்து ஃபொல்லர் ஒன்று, 2-2. அங்கே மூச்சு வாங்கியிருக்கலாம். கோப்பையை அப்போதே தூக்கிவிடும் ஆசையில் எல்லோரும் மேலே ஏறினார்கள். நடுக்களத்தில் மரடோனாவுக்கு ஒரே ஒரு கணம் கிடைத்தது, ஒரே பாஸ், புருச்சாகா ஓடிப் போய் மூன்றாவதைப் போட்டார்.

அந்தச் சுமாரான அணியை இறுதிவரை கொண்டுவந்ததே சாதனை என்று ஊர் திரும்பியபோது பாராட்டினார்கள். அது நியாயமான பாராட்டுதான். ஆனாலும் மத்தாயஸை ஒரு மணி நேரம் கட்டிப்போட்டதை யாராவது செய்திருக்கலாம், பெக்கன்பவர் செய்திருக்கக்கூடாது.

ரோமில் கணக்குத் தீர்ந்தது

1988 ஐரோப்பியக் கோப்பை சொந்த மண்ணில். அரையிறுதியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் கடைசி நிமிடங்களில் வெளியேற்றினார். 1990-க்கான தகுதிச் சுற்றிலும் அதே நெதர்லாந்து முதலிடம் பிடித்தது. ஜெர்மனி கடைசி ஆட்டத்தில் வேல்ஸை வென்றாக வேண்டும். 1989 நவம்பர் 15, கொலோன். பெர்லின் சுவர் திறந்து ஆறே நாள். நாட்டில் யாருக்கும் கால்பந்து நினைவில் இல்லை. வேல்ஸ் முதலில் கோல் போட்டது. ஃபொல்லர் சமன் செய்ய, ஹெஸ்லர் அடித்த கோலால் 2-1 என்று தப்பினார்கள். ஒரு கோல் குறைந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

இத்தாலிக்குப் போன பெக்கன்பவர் வேறு ஆள். கோமோ ஏரிக்குப் பக்கத்தில் எர்பாவில் பழைய மாளிகை விடுதி ஒன்றில் தங்கினார்கள். பூட்டிவைக்கும் மாலென்டெ வழக்கத்தை விட்டுவிட்டுக் கயிற்றைத் தளர்த்தினார். முதல் ஐந்து ஆட்டங்களும் மிலனின் சான் சிரோ மைதானத்தில். மத்தாயஸ், பிரேமே, கிளின்ஸ்மன் மூவரும் இன்டர் மிலன் ஆட்டக்காரர்கள்; அவர்களுக்கு அது வீட்டுத் திண்ணை. முக்கியமாக, கேப்டன் மத்தாயஸுக்கு எந்தக் காவல் வேலையும் தரவில்லை. யூகோஸ்லாவியாவோடு முதல் ஆட்டம் 4-1. அதில் மத்தாயஸின் இரண்டாவது கோல், சொந்தப் பாதியிலிருந்து பந்தோடு கிளம்பிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே அடித்தது, 1966-ன் பையனைப் பார்த்த கண்களுக்குப் பழக்கமான ஓட்டம்.

காவல் வேலைக்கு என்று ஆட்கள் தனியே இருந்தார்கள். நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வான் பாஸ்டனைக் கோலர் பார்த்துக்கொண்டார். ஃபொல்லர் மீது ரைக்கார்ட் துப்பியதும், இருவரும் வெளியேற்றப்பட்டதும், கிளின்ஸ்மன் ஒற்றை ஆளாக ஓடி ஓடி ஆடியதும் அந்த ஆட்டத்தில்தான். 2-1. செக்கோஸ்லோவாக்கியாவை 1-0 என்று வென்ற பிறகு, பத்துப் பேராகக் குறைந்துவிட்ட எதிரணியிடம் இப்படியா ஆடுவது என்று உடைமாற்றும் அறையில் பெக்கன்பவர் கத்தித் தீர்த்தார். வென்ற அணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அரையிறுதியில் இங்கிலாந்தைப் பெனால்டியில் தாண்டினார்கள்.

ஜூலை 8, ரோம். எதிரே மீண்டும் பிலார்டோவின் அர்ஜென்டினா. மரடோனா பின்னால் இந்தத் தடவை போனவர் கீடோ புக்வால்ட். உயரமான, பார்வைக்குக் கொஞ்சம் அசட்டையான ஸ்டுட்கார்ட்காரர். 1986-ல் மெக்சிகோவுக்குக் கிளம்பும் முன் பட்டியலைச் சுருக்கியபோது பெக்கன்பவர் வெட்டிவிட்ட பெயர்களில் ஒன்று இவருடையது. அன்று இவரைக் கூட்டிப்போயிருந்தால் மத்தாயஸின் கை அவிழ்ந்திருக்குமோ என்று கேட்கத் தோன்றுகிறது. ரோமில் மரடோனாவால் திரும்பிக்கூட நிற்க முடியவில்லை. நேப்பிள்ஸில் இத்தாலியை வெளியேற்றிய கோபத்தில் அரங்கம் முழுக்க அவரைச் சீட்டியடித்து விரட்டியது. கணிஜியா உட்படச் சிலர் தடைக்காலத்தில் வெளியே இருந்தார்கள். அந்தக் கோப்பைக்குப் பிறகு புக்வால்டுக்கு 'டியேகோ' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

ஆட்டம்? உலகக் கோப்பை இறுதிகளில் இதைவிட அசிங்கமான ஆட்டம் அதுவரை நடந்ததில்லை என்பேன். அர்ஜென்டினா பெனால்டி வரை இழுத்துப் போவது ஒன்றே குறியாக இருந்தது. 65-ஆவது நிமிடத்தில் மோன்சோனுக்குச் சிவப்பு அட்டை. உலகக் கோப்பை இறுதியில் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர். 85-ஆவது நிமிடத்தில் ஃபொல்லர் பெட்டிக்குள் விழ, மெக்சிகோ நடுவர் கொடேசால் பெனால்டி கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். சற்று முன் கோல்கீப்பர் கோய்கோச்சேயா ஆகெந்தாலரை வீழ்த்தியதற்குக் கொடுத்திருக்கலாம். பெனால்டி அடிப்பவர் மத்தாயஸ். ஆனால் அவருடைய பழகிய பூட் உடைந்துபோய், இடைவேளையில் வேறொரு ஜோடியை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் நம்பிக்கை இல்லை. பிரேமே வந்தார். நான்கு ஆண்டுக்கு முன் மெக்சிகோவுக்கு எதிராக இடது காலால் பெனால்டி அடித்தவர், இன்று வலது காலால் அடித்தார். கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தார், எட்டவில்லை. 1-0.

மற்றவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, பெக்கன்பவர் கழுத்தில் பதக்கத்தோடு மைதானத்தின் நடுவே தனியாக நடந்துபோன காட்சியைத்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியமானது அதற்குப் பின் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பு. கிழக்கு ஜெர்மனியின் ஆட்டக்காரர்களும் வந்து சேரப்போகிறார்கள், இனிப் பல ஆண்டுகளுக்கு ஜெர்மனியை யாராலும் வெல்ல முடியாது, மற்ற நாடுகளுக்காக வருத்தப்படுகிறேன் என்கிற தோரணையில் பேசிவிட்டார். சொல்லிவிட்டுப் பதவியை விட்டு இறங்கியும் போனார். 2006 உலகக் கோப்பையை ஜெர்மனிக்குக் கொண்டுவந்ததும், அதில் கைமாறிய பணம் பற்றிய விசாரணை தீர்ப்பில்லாமலே முடிந்ததும் பின்னால் தனி அத்தியாயமாக வரும்.

அந்த வாக்குறுதியின் பாரம் விழுந்தது அடுத்து வந்தவர் தலையில். அவர் வேறு யாருமல்ல, 1974-ல் கிரைஃபைக் காவல் காத்த பெர்ட்டி ஃபோக்ட்ஸ். ஒன்றுபட்ட ஜெர்மனியோடு அவர் போன முதல் பெரிய போட்டி, 1992-ல் ஸ்வீடனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை. இறுதியாட்டத்தில் எதிரே வந்தது டென்மார்க்: தகுதியே பெறாத அணி, யூகோஸ்லாவியாவைத் தடை செய்ததால் கடைசி நேரத்தில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்ட அணி. ஃபோக்ட்ஸின் ஜெர்மனி 0-2 என்று தோற்றது. டென்மார்க் எப்படி வந்தது, எப்படி வென்றது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.